தலைக்கு மேல் விமானம்... வாசலில் ஏர் ஹாரன்! பல்லாவரம் பழைய வீடுகளில் நிம்மதியாக தூங்க வழி உண்டா?

பல்லாவரம்:

நள்ளிரவு 2 மணி. ஊர் அடங்கி, தெரு நாய்கூட படுத்துவிட்ட நேரம். அப்போதுதான் மீனம்பாக்கத்தில் வெளிநாட்டு விமானங்கள் வரிசை கட்டுகின்றன. ஒரு விமானம் தலைக்கு மேல் போனால் பழைய ஜன்னல் கதவு தடதடவென்று ஆடுகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீறிடுகிறது. அதை தட்டி தூங்க வைத்து, கண் அசந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்னி பஸ்சின் ஏர் ஹாரன். காலை 6 மணி ஷிப்டுக்கு போகிறவர் எப்பத்தான் தூங்குவது?

பல்லாவரம், திரிசூலம், பழவந்தாங்கல், நங்கநல்லூர், அந்தப் பக்கம் பொழிச்சலூர், பம்மல், கொளப்பாக்கம் என்று விமான நிலையத்தை சுற்றியுள்ள எல்லா ஊரிலும் இதே கதைதான். அதிலும் நன்றாக மாட்டிக்கொண்டவர்கள் பழைய வீட்டுக்காரர்கள்.

வீடு முதல்ல... விமானம் அப்புறம்!

‘ஏர்போர்ட் பக்கத்துல குடி வந்துட்டு சத்தம்னு அழுதா எப்படி?’ என்று சிலர் கேட்பது உண்டு. ஆனால் பல்லாவரம் வெட்ரன் லைன்ஸ், பரங்கிமலை கன்டோன்மென்ட் பக்கம் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் வெள்ளைக்காரன் காலத்து சமாச்சாரம். ஓய்வு பெற்ற கம்பெனி சிப்பாய்கள் குடியிருந்த இடம் வெட்ரன் லைன்ஸ். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க ஆரம்பித்ததோ 1930-களில்தான். அதாவது சத்தம்தான் வீட்டை தேடி வந்ததே தவிர, வீடு சத்தத்தை தேடிப் போகவில்லை.

2023 ஏப்ரலில் புது டெர்மினலும் திறந்தாச்சு. பயணிகளுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் விமானம் கூடக்கூட சத்தமும் கூடத்தானே செய்யும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் இருக்க வேண்டும். விமான நிலைய பகுதிக்கு மட்டும் 2018-ல் மத்திய அரசு தனி அளவு கொண்டு வந்தது. பிசியான விமான நிலையம் என்றால் பகலில் 70, இரவில் 65.

அதாவது அடுத்த ஊர்க்காரருக்கு ராத்திரி 45. ஏர்போர்ட் பக்கத்து ஆளுக்கு 65. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு சத்தம் இரண்டு மடங்காக கேட்கும். இருபது கூடினால் நாலு மடங்கு! உலக சுகாதார அமைப்போ ராத்திரி விமான சத்தம் 40-க்கு மேல் போகக்கூடாது, போனால் தூக்கம் கெடும் என்று 2018-லேயே சொல்லிவிட்டது.

ஜன்னலை பிடுங்காதீங்க!

சத்தம் தாங்காமல் பலர் செய்யும் முதல் வேலை, பழைய தேக்கு ஜன்னலை பிடுங்கிவிட்டு அலுமினியம் ஸ்லைடிங் போடுவது. ஆசாரி இழைத்த அருமையான தேக்கு, பழைய சாமான் கடைக்கு அடிமாட்டு விலைக்கு போகிறது. சத்தம் குறைந்ததா? பெரிசா இல்லை. ஸ்லைடிங் ஜன்னலின் இடுக்கு வழியாக சத்தம் தாராளமாக உள்ளே வரும்.

சிலர் காசு சேர்த்து ‘டபுள் கிளாஸ்’ போடுகிறார்கள். ஒரே பிரேமில் இரண்டு கண்ணாடி, நடுவில் அரை இஞ்ச் காற்று. இது வெயிலுக்கு நல்லது. ஆனால் பஸ், விமானம் போடும் ‘உறுமல்’ சத்தத்துக்கு அந்த அரை இஞ்ச் போதாது.

முட்டை அட்டை, தெர்மாகோல் ஒட்டுவது சுத்த வேஸ்ட். ரூமுக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் நிற்காது.

பழைய வீட்டுக்கு ஏற்றது வேறு ஒன்று. இருக்கிற ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, உள்பக்கம் தனியாக இரண்டாவது கண்ணாடி ஜன்னல் வைப்பது. ‘செகண்டரி கிளேசிங்’ என்பார்கள். இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வீடு பழைய மாதிரியே இருக்கும். வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம்.

இடைவெளியில்தான் சூட்சுமம்

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 4 இஞ்ச், முடிந்தால் 6 முதல் 8 இஞ்ச் இடைவெளி வேண்டும். இன்றைய பிளாட்டின் ஒல்லிச் சுவரில் அதுக்கு இடமே கிடையாது. ஆனால் சுண்ணாம்பு வைத்து கட்டிய பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடிகூட இருக்கும். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கும், நடுவில் கம்பி, உள்பக்கம் சும்மா கிடக்கும். அந்த இடத்தில்தான் இரண்டாவது ஜன்னல் உட்கார வேண்டும். தாத்தா காலத்து தடிச்சுவர் பேரனுக்கு உதவுகிறது!

வேலை கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* உள் கண்ணாடி, வெளிக் கண்ணாடியின் தடிமனில் இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே தடிமன் என்றால் ஒரே சத்தத்துக்கு சேர்ந்து அதிரும்.

* கார் முன்கண்ணாடி மாதிரி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி நல்லது.

* ஸ்லைடிங்கை விட கீல் வைத்து திறக்கும் கதவு மேல். சுற்றிலும் ரப்பர் வைத்து அழுத்தமாக மூட வேண்டும். ஆபத்துக்கு சட்டென்று திறக்கும்படியும் இருக்கணும்.

* ஜன்னலுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் ஓட்டை, கதவுக்கு கீழே உள்ள சந்து எல்லாவற்றையும் பாருங்கள். சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால் போதும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது.

சாதாரண பழைய ஜன்னலை மூடினால் 15 முதல் 20 டெசிபல் வரைதான் தடுக்கும். சரியாக வைத்த இரண்டாவது ஜன்னலோடு சேர்ந்து 40 வரை தடுக்க முடியும். வெளியே 65 என்றால் உள்ளே 25. குழந்தை நிம்மதியா தூங்கும்.

கூரையை பார்த்தீங்களா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பஸ் சத்தம் பக்கவாட்டில் வருகிறது. விமான சத்தமோ மேலே இருந்து வருகிறது. செங்கலை நிறுத்தி வைத்து சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் கவலை இல்லை, கனமானது. மங்களூர் ஓடு என்றால் ஓட்டு இடுக்கு வழியாக சத்தம் கொட்டும். அந்த வீட்டில் ஜன்னலுக்கு மட்டும் காசு செலவழித்தால், கதவை பூட்டிவிட்டு கூரையை பிரித்து வைத்த மாதிரிதான். ஓட்டுக்கு கீழே கனமான சீலிங் போட்டு இடுக்கை அடைத்த பிறகுதான் ஜன்னல்.

இன்னொன்று, சென்னை வெயிலில் ஜன்னலை இறுக மூடினால் அவிந்து போவோம். பேன் மட்டும் பத்தாது, ஏ.சி. வேண்டும், கரண்ட் பில் ஏறும். அதனால் வீடு முழுக்க போடாமல், தூங்குகிற ஒரு ரூமுக்கு மட்டும் போடுவதுதான் நம்மை மாதிரி ஆட்களுக்கு கட்டுப்படியாகும். கன்டோன்மென்ட் எல்லையில் இருப்பவர்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது.

காசு யார் கொடுப்பது?

கடைசியில் கேள்வி இதுதான். சத்தம் போடுவது ஒருத்தர், ஜன்னல் போடுவது இன்னொருத்தரா?

இங்கிலாந்தில் புது ரோடு போட்டு சத்தம் ஒரு அளவை தாண்டினால், பக்கத்து வீட்டுக்கு அரசுத் தரப்பே சத்தத்தடுப்பு வேலையை செய்து தர வேண்டும் என்று 1975-லேயே விதி வந்துவிட்டது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம், சத்தம் அதிகம் உள்ள வீடுகளுக்கு தன் செலவில் ஜன்னல் வேலைக்கு உதவுகிறது. அங்கே இரவு 11.30 முதல் காலை 6 வரை வருஷத்துக்கு 5,800 விமானங்கள்தான் என்று கட்டுப்பாடும் இருக்கிறது.

மீனம்பாக்கத்தில்? 24 மணி நேரமும் விமானம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல் போட்டுத் தரும் திட்டம் எதுவும் கிடையாது.

பயணிகள் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் விமான நிலைய கட்டணம் என்று ஒரு தொகை போகிறது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்து, வீட்டுக்கு ஒரு படுக்கை அறை, அதிலும் குழந்தைகள், வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு முதலில் என்று ஆரம்பித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏர் ஹாரன் பஸ்களை ராத்திரியில் நிறுத்தி பிடிக்க காசே தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

‘பரந்தூர் வந்தால் எல்லாம் சரியாகிடும்’ என்று சமாதானம் சொல்கிறார்கள். 2022-ல் அறிவித்த திட்டம் அது. நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் போராடியதை நாடே பார்த்தது. அங்கேயும் ஊர் இருக்கு, அங்கேயும் குழந்தைகள் தூங்கணும். அங்கே புதுசா கட்டும்போதாவது பக்கத்து வீட்டு ஜன்னலையும் கணக்கில் சேர்ப்பார்களா?

அதற்குள் பல்லாவரத்தில் இன்று ராத்திரியும் 2 மணி விமானம் வரும். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் ஒரே ஒரு நாள் இங்கே பழைய வீட்டில் படுத்துப் பார்க்கட்டும். மறுநாள் காலையிலேயே பைல் நகர ஆரம்பித்துவிடும்!