காலனி வூடு ஏன் பாதியில நிக்குது?

ஊர்த்தெருக்காரன் காலனி வழியாப் போகும்போது ஒரு பேச்சு பேசுவான். 'இவனுங்களுக்கு என்னாடா கொறச்சல்? கெவர்மெண்டே வூடு கட்டிக் குடுக்குது, கரண்டு குடுக்குது. ஆனா பாரு, பத்து வருசமா அந்தச் செவுரு பூசாமலே கெடக்குது. வர்றத எல்லாம் குடிச்சிட்டுப் படுத்தா எங்கேருந்து பூசறது?'

அதே செவுத்தப் பூசி, வாசல்ல நாலு டைல்ஸ் ஒட்டிப் பாருங்கள். அதே ஆள் அதே வழியில் நின்று பேசுவான்: 'கொழுப்பப் பாத்தியா? இவனுக்கு ஏதுடா இவ்ளோ காசு?'

பூசாவிட்டால் சோம்பேறி. பூசிவிட்டால் திமிர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நம் சனங்கள் ஒரு செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட் என்று சேர்த்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு அறிவுரை சொல்ல இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், 'குறைந்த செலவில் வீட்டை அழகாக்குவது எப்படி' என்று பெண்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். திரைச்சீலையை மாற்றுங்கள், மூலையில் ஒரு பூந்தொட்டி வையுங்கள் என்பார். மழை வந்தால் எந்தப் பாத்திரத்தை எந்த ஒழுக்கலுக்கு வைப்பது என்று யோசிக்கிறவளுக்குத் திரைச்சீலை எதற்கு? இன்னொருவர் நம் இடதுசாரி நண்பர். 'சொந்த வீட்டு ஆசை குட்டி முதலாளித்துவ ஆசை தோழர்' என்பார். அவர் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்வார். தாத்தா காலத்திலேயே வீட்டுப் பிரச்சினை தீர்ந்துபோனவர்களுக்கு இந்தத் தத்துவம் சுலபம்.

நமக்கு வீடு எப்படி இருந்தது என்பதை முதலில் பேசுவோம்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் வேலையைப் பார்த்த ஹட்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி போடக்கூடாது, குடை செருப்பு கூடாது என்பவற்றோடு இன்னொன்றும் உண்டு: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. யோசித்துப் பாருங்கள். தெருவில் செருப்புப் போடாதே என்றவன் அதோடு நிற்கவில்லை. நம் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துப் பித்தளைக் குடம் இருக்கிறதா என்று எண்ணியிருக்கிறான்.

தஞ்சைப் பக்கம் வேறு கதை. பண்ணையில் உழைத்தவனுக்குக் குடியிருப்பு மிராசுதாரின் மண்ணில். இன்றைக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டால் நாளைக்கு 'எடத்தக் காலி பண்ணு'. காலி பண்ணச் சொன்னால் செங்கல் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? மூங்கிலையும் கீற்றையும்தான் பிரித்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். எதற்கு நம் பாட்டன் குடிசையிலேயே கிடந்தான் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அப்படி வெளியேற்றுவதைத் தடுக்க 1961இல் ஒரு சட்டம் வந்தது. குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல்தான் வந்தது. நம் வீட்டுச் சுவருக்கு வயசு அவ்வளவுதான். அவன் வீட்டுச் சுவரோடு அதை ஒப்பிடுவது என்ன நியாயம்?

அந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் வெண்மணி. 1968 டிசம்பர் 25. கூலி கேட்ட சனம் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒண்டியது. 44 பேரை அந்தக் குடிசையோடு எரித்தார்கள்.

1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். வெளிநாடு போய் உழைத்து, அனுப்பிய பணத்தில் நிமிர்ந்து நின்ற ஊர். உள்ளே புகுந்த போலீஸ் எதை அடித்தது? டிவியை, ஃபேனை, தையல் மெஷினை, பத்தாயத்துத் தானியத்தை. எதை எரித்தது? பாஸ்போர்ட்டை, பிள்ளைகளின் சர்டிபிகேட்டை. குடிக்கிற கிணற்றையும் விட்டு வைக்கவில்லை.

2012 நவம்பர் 7, தர்மபுரி. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்து, வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வருசத்துக்கு ஒரு பகுதியாக எழுப்பிய வீடுகள். காரணம் ஒரு காதல் கல்யாணம் என்றார்கள். கல்யாணத்துக்குக் கோபப்பட்டவன் பீரோவை ஏன் உடைக்கிறான்? மோட்டார் சைக்கிளை ஏன் கொளுத்துகிறான்? அவனுக்கு உறுத்தியது அந்தச் சுவரும் அதற்குள் இருந்த சாமானும்தான்.

இதைப் பார்த்துவிட்டு, 'வூட்ட ரொம்பக் காட்டிக்காத, அவங் கண்ணுல படாம இரு' என்று நம் பெரியவர்களே சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட அடி அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் கணக்கு சரியாக வரவில்லை பெரியப்பா. நத்தத்தில் காங்கிரீட் வீட்டை எரித்தான். வெண்மணியில் கீற்றுக் குடிசையை எரித்தான். குடிசை நம்மைக் காப்பாற்றவில்லையே! அடங்கிக் கிடந்தாலும் எரிப்பான், நிமிர்ந்தாலும் எரிப்பான் என்றால், நிமிர்ந்தே நிற்போம். ஒழுகாத வீட்டுக்குள் நிற்போம்.

இனி அரசாங்க வீட்டுக்கு வருவோம். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985இல் வந்தது. 2016இல் அது பிரதமர் பெயருக்கு மாறியபோது சமவெளியில் வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குறைந்தது 25 சதுர மீட்டர் என்று வைத்தார்கள். தமிழக அரசு 2024இல் அறிவித்த கனவு இல்லத்தில் 360 சதுர அடி, 3,50,000 ரூபாய். கொடுக்கிற காசை வாங்கத்தான் வேண்டும். அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை, நம் வரியும் நம் உழைப்பும். ஆனால் அந்தக் காசு எப்படி வருகிறது? அஸ்திவாரம் போட்டால் கொஞ்சம், சுவர் எழும்பினால் கொஞ்சம், கூரை போட்டால் கொஞ்சம். முதலில் நம் கையைப் போட்டுக் கட்ட வேண்டும், பிறகு போட்டோ பிடித்துப் பில் போடுவார்கள். கையில் இல்லாதவன் வட்டிக்கு வாங்குவான். கடைசி பில் வரும்போது அது வட்டிக்காரனுக்குப் போகும். பூச்சு, தளம், அடுப்படி எல்லாம் 'அப்புறம் பாத்துக்கலாம்'. அந்த அப்புறத்துக்குத்தான் பத்து வருசம் ஆகிறது. இதற்குள் மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகி, ஒரே அறையில் இரண்டு குடும்பம்.

வீடு பாதியில் நிற்பதன் காரணம் சாராயம் என்று இனி எவனாவது சொன்னால், இந்தக் கணக்கை அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊரில் எழும்பும் மாடி வீடுகளில் செங்கல் சுமக்கும் சித்தாள் யார்? கொத்தனார் யார்? கம்பி கட்டுகிறவன், பெயிண்டர், பிளம்பர் யார்? நம் காலனிக்குள் ஒரு முழு வீட்டுக்கான கை இருக்கிறது. பொருளுக்குத்தான் காசு வேண்டும், கூலிக்கு ஏன் வேண்டும்? மாதத்தில் இரண்டு ஞாயிறு பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வீட்டின் பூச்சு வேலையை முடிக்கலாம். அடுத்த மாதம் அடுத்த வீடு. இயக்கத்தின் ஒவ்வொரு கிளையும் இதை எடுத்துச் செய்ய வேண்டும். கொடி ஏற்ற வருகிற தம்பிகள் கரண்டி பிடிக்கவும் வரட்டும். கல்லூரி மாணவர்கள் மனு எழுதட்டும், மணலும் சலிக்கட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும் என்றால் எதை முதலில் செய்வது? இதை ஊர்க்காரன் கண்ணும் சிமெண்ட் கம்பெனி விளம்பரமும் முடிவு செய்யக்கூடாது. நம் வரிசை இது.

முதலில் பட்டா. இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கும் மனைகள் எத்தனை! செத்துப்போனவர் பெயரில் இருக்கும் மனைக்கு லோனும் கிடைக்காது, திட்டமும் வராது. தாலுக்கா ஆபீசுக்கு ஒத்தை ஆளாகப் போகாமல் தெருவே சேர்ந்து போங்கள். பெயர் மாற்றும்போது வீட்டுப் பெண்கள் பெயரையும் சேருங்கள்.

இரண்டாவது கூரை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய தொகுப்பு வீடுகளில் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டுகிறது. அதன்மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் பூசுவது. பெயர்ந்ததை முழுசாகத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். மேலே தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிக்க வேண்டும். கம்பி பாதியாக இளைத்துப் போயிருந்தால் பூசி ஏமாற வேண்டாம். அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

மூன்றாவது கக்கூஸ். இதில் நமக்கென்று ஒரு அரசியல் இருக்கிறது. ஆழமாக ஒரே தொட்டி கட்டினால் ஒருநாள் அது நிறையும். நிறைந்தால் யாரைக் கூப்பிடுவார்கள்? 2013இல் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவன் யார் என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுக் குழியே இன்னொரு சேரிக்காரனின் சவக்குழியாக வேண்டாம். இரட்டைக் குழி வெட்டுங்கள். ஆழம் குறைவு, சுவரில் ஓட்டை விட்டுக் கட்டிய இரண்டு குழி. ஒன்று நிறைந்தால் குழாயை மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை மூடி இரண்டு வருசம் சும்மா விட்டால் உள்ளே இருப்பது காய்ந்து எருவாகிவிடும். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் தள்ளி வெட்டுங்கள்.

நான்காவது அடுப்படி. புகை போக ஒரு வழி, நின்று சமைக்க ஒரு மேடை, ஒரு குழாய். வாசலில் கிரானைட் பதித்துவிட்டுப் பொண்டாட்டியைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் குனிந்து ஊத வைக்கிறவன் மேடையில் விடுதலை பேசக்கூடாது.

ஐந்தாவது படிக்க ஒரு மூலை. ஒரு பலகை, ஒரு விளக்கு, ஒரு அலமாரி. அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதை மனதில் வைத்தே கட்டினார். 300 சதுர அடியிலும் நாலு அடி ஒதுக்கலாம். சர்டிபிகேட்டுக்கும் பட்டாவுக்கும் ஒரு இரும்புப் பெட்டி வையுங்கள். நகல் எடுத்து வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் ஒன்று கொடுத்து வையுங்கள். கொடியங்குளம் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

பெயிண்டும் எலிவேஷனும் டைல்சும் கடைசியில். அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நீலமோ சிவப்போ, பிடித்த கலரைப் பளிச்சென்று அடியுங்கள். ஆனால் வாராவாரம் குழுக்கடன் தவணைக்கு அக்காவும் அம்மாவும் பதறிக்கொண்டிருக்க, எவனோ பார்த்து வயிறெரியட்டும் என்று முன்சுவரை மட்டும் ஜோடிக்காதீர்கள். அவன் கண்ணுக்குக் கட்டினால் அதுவும் அவனுக்குச் செய்கிற வேலைதான்.

கடைசியாக இரண்டு வெட்டிச் செலவு. வாஸ்து என்று சொல்லி இருக்கிற ஒரு வாசலையும் இடித்து மாற்றுவது. நம் தெருவுக்குள் கால் வைக்கத் தயங்கிய அய்யரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்து ஓமம் வளர்ப்பது. அந்தப் புகைக்குப் போகிற காசில் பின்பக்கச் சுவரைப் பூசி முடிக்கலாம். வீட்டைக் கட்டிய கொத்தனாரையும் சித்தாளையும் முதலில் உள்ளே அழைத்து உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அதைவிடப் பெரிய கிரகப்பிரவேசம் எது?

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள் தோழர்களே. தெருவில் எத்தனை வீடு, எதற்குப் பட்டா இல்லை, எது ஒழுகுகிறது, யார் கையில் என்ன தொழில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் எந்தக் கூரையில் ஏறப் போகிறோம் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டுக் கலையுங்கள்.