மயோனைஸ் முதல் வெந்தய முளை வரை... வயிற்றைக் கலக்கும் பாக்டீரியாவுக்கு ஆயுதம் கொடுத்தது யார்?

ஷவர்மா ஆர்டர் பண்ணினால் கூடவே சின்ன கப்பில் வெள்ளையாக ஒன்று வருமே, மயோனைஸ்... அதைப் பச்சை முட்டையில் தயாரிக்க, விற்க தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. தெலங்கானா அதற்கு முந்தைய அக்டோபரிலேயே போட்டுவிட்டது. 2022-ல் காசர்கோடு மாவட்டத்திலும் 2023-ல் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு பள்ளி மாணவிகள் இறந்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒவ்வொரு முறையும் நாம் சண்டை போடுவது உணவின் பெயரை வைத்துத்தான். ஷவர்மா கெட்டதா, மயோனைஸ் கெட்டதா, வெளிநாட்டு உணவே கெட்டதா? தமிழக அரசின் அறிவிப்பு கைகாட்டியதோ வேறு ஆட்களை. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா. இந்த பாக்டீரியாக்களுக்கு ஷவர்மாவும் ஒன்றுதான், பாட்டி செய்த சாலட்டும் ஒன்றுதான்.

முதலில் சால்மோனெல்லா. கோழியின் உடலுக்குள் ஓடு உருவாவதற்கு முன்பே இது முட்டைக்குள் போய்விட முடியும். அதனால் ஓட்டை என்னதான் தேய்த்துக் கழுவினாலும் பிரயோஜனமில்லை. ஆம்லெட் போட்டால் சூட்டில் செத்துவிடும். மயோனைஸை யாரும் அடுப்பில் வைப்பதில்லை, அதுதான் பிரச்னை.

வயிற்றின் அமிலத்தில் பெரும்பாலானவை காலி. தப்பித்துக் குடலுக்கு வருபவை செய்யும் வேலை பக்கா கிரிமினல் வேலை. இதன் உடம்பில் ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதைக் குடல் செல்லில் குத்தி, சில புரதங்களை உள்ளே ஏற்றும். உடனே செல்லின் மேற்பரப்பு அலைபோல் எழும்பி, பாக்டீரியாவைத் தானே வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். திருடனுக்கு வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுவதுபோல! அதன்பிறகுதான் உடல் விழித்துக்கொண்டு அலாரம் அடிக்கிறது. காய்ச்சல், வயிற்றுவலி, பேதி எல்லாம் அந்தக் கலவரத்தின் விளைவு.

இதெல்லாம் நடக்க 6 மணி நேரம் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கடைசியாக எந்தக் கடையில் சாப்பிட்டோமோ அந்தக் கடைமேல் பழி போட்டு, ஒரு ஸ்டார் ரேட்டிங் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

தனிமனிதர்கள் மட்டுமல்ல, ஓர் அரசே இப்படித் தப்பான ஆளைப் பிடித்த கதை உண்டு.

வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

2011 மே மாதம், வடக்கு ஜெர்மனி. ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பேதியோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பலருக்கு அடுத்த சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்தது. பொதுவாகச் சின்னக் குழந்தைகளைத் தாக்கும் சிக்கல் இது. இந்த முறை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்கள், அதிலும் பெண்கள் அதிகம்.

மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயைக் கைகாட்டினார்கள். ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி குப்பைக்குப் போனது. ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிகளையே தடைசெய்தது. கடைசியில் பார்த்தால் வெள்ளரியில் இருந்தது வேறொரு ஈ.கோலை. உண்மையான குற்றவாளியை ஜூன் 10 அன்று அறிவித்தார்கள். சாலட்டின் மேல் தூவும் முளைவிட்ட பயறு! ஐரோப்பிய விசாரணை இன்னும் பின்னால் போய், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகளில் போய் நின்றது. ஆமாம், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம். வெந்தயத்தின் மேல் தப்பில்லை. விதையில் ஒட்டியிருந்த கிருமிக்கு, முளைகட்டும்போது கிடைக்கும் ஈரமும் கதகதப்பும் சொர்க்கம். பிறகு அதைச் சமைக்காமல் சாப்பிடுகிறோம்.

ஜெர்மனியில் மட்டும் 3,842 பேருக்கு நோய். அதில் 855 பேருக்கு சிறுநீரகப் பாதிப்பு. 53 பேர் இறந்தார்கள்.

இத்தனைக்கும் ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கும் ஜந்துதான். பெரும்பாலான வகைகள் பரம சாது. இந்த ஒன்று மட்டும் எப்படிக் கொலைகாரன் ஆனது? ஆராய்ந்தபோது, அதன் டி.என்.ஏ-வுக்குள் ஒரு வைரஸ் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிறுநீரகத்தைக் கெடுத்த ஷிகா நச்சைத் தயாரிக்கும் மரபணு அந்த வைரஸின் சொத்து.

வைரஸுக்கு எதிராக பாக்டீரியா போடும் பூட்டு

பாக்டீரியாவுக்கும் வைரஸ் காய்ச்சல் வருமா என்று கேட்டால், அதைவிட மோசம். பாக்டீரியாவை மட்டுமே வேட்டையாடும் வைரஸ்கள் இருக்கின்றன. பெயர் ஃபேஜ். 1917-ல் ஃபெலிக்ஸ் தெரெல் என்ற ஆய்வாளர், சீதபேதி நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்தபோது, பேதிக் கிருமியையே ஏதோ ஒன்று கொல்வதைப் பார்த்து, 'பாக்டீரியா தின்னி' என்ற பொருளில் வைத்த பெயர் அது. ஃபேஜ் பாக்டீரியாவின் மேல் வந்து இறங்கும், தன் டி.என்.ஏ-வை உள்ளே செலுத்தும். அரை மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கணக்கான குட்டி ஃபேஜ்கள் வெளியே வரும்.

பாக்டீரியா சும்மா இருக்குமா? ஃபேஜ் வந்து பிடித்துக்கொள்ளும் கைப்பிடியையே மாற்றிவிடும். அதையும் மீறி உள்ளே வந்த அந்நிய டி.என்.ஏ-வைத் துண்டுதுண்டாக வெட்ட நொதிகளை வைத்திருக்கும். சில பாக்டீரியாக்கள் இன்னும் ஒரு படி மேலே. ஃபேஜ் குட்டி போடுவதற்குள் தானே செத்துப்போய், பக்கத்தில் இருக்கும் சொந்தங்களைக் காப்பாற்றும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிரிஸ்பர். தாக்க வந்த வைரஸின் டி.என்.ஏ-விலிருந்து ஒரு துணுக்கை வெட்டித் தன் மரபணுவில் ஒட்டிவைத்துக்கொள்ளும். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டும் போட்டோ மாதிரி. மறுபடி அதே ஆள் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும். கிரிஸ்பரின் வினோத வரிசையை ஜப்பானின் இஷினோ குழு 1987-ல் முதலில் பார்த்தது ஈ.கோலையில்தான். அது எதற்கு என்று அப்போது புரியவில்லை. 2007-ல் டானிஸ்கோ என்ற உணவு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், யோகர்ட் தயாரிக்க உதவும் பாக்டீரியாவை வைத்துதான் இது வைரஸ் தடுப்பு வேலை என்று நிரூபித்தார்கள். யோகர்ட் தொழிற்சாலைக்கு ஃபேஜ் புகுந்தால் மொத்தப் பால் தொட்டியும் வீண், அதனால் வந்த அக்கறை. 2020 வேதியியல் நோபல் பரிசு வாங்கித்தந்த மரபணுக் கத்திரிக்கோலின் பூர்வீகம் இதுதான்.

'ஃபேஜையே உணவில் தெளித்து கெட்ட பாக்டீரியாவைக் கொல்லலாமே' என்று தோன்றுகிறதா? செய்கிறார்கள். லிஸ்டீரியாவுக்கு எதிராக, சாப்பிடத் தயார் நிலையில் இருக்கும் இறைச்சியில் ஃபேஜ் தெளிக்க அமெரிக்கா 2006-லேயே அனுமதித்தது. அந்தத் தெளிப்பில் 6 வகை ஃபேஜ்கள் கலந்திருந்தன. ஒன்றுக்கு பாக்டீரியா பூட்டுப் போட்டால் இன்னொன்று உள்ளே நுழையட்டும் என்ற கணக்கு.

பூட்டை மீறி உள்ளே வந்த விருந்தாளி

சில ஃபேஜ்கள் வந்த உடனே கொல்வதில்லை. பாக்டீரியாவின் டி.என்.ஏ-வோடு தங்கள் டி.என்.ஏ-வைச் செருகிக்கொண்டு அமைதியாகத் தூங்கும். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இதுவும் பிரதி எடுக்கப்படும். வாடகைக்குப் பதிலாகச் சில மரபணுக்களைத் தரும். ஜெர்மனியின் ஈ.கோலைக்குக் கிடைத்தது ஷிகா நச்சு. காலரா கிருமியின் நச்சு மரபணுவும் இப்படி ஒரு வைரஸ் கொடுத்ததுதான்.

ஷிகா நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய் செல்களுக்குள் போய், அவை புரதம் தயாரிக்கும் வேலையையே நிறுத்திவிடும். செல் சாகும், குழாய் அடைபடும்.

இப்போது நம் ஊர் பழக்கத்துக்கு வருவோம். வயித்தால போகுதா? தெரு முனை மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, லூஸ் மோஷனுக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்போம். அதில் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து வரும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ-வைச் சேதப்படுத்திக் கொல்பவை. டி.என்.ஏ சேதமானால் உள்ளே தூங்கும் வைரஸுக்கு, 'கப்பல் மூழ்குது, கிளம்பு' என்ற சிக்னல். அது விழித்து, பெருகி, கூடவே நச்சையும் மொத்தமாகத் தயாரித்து, பாக்டீரியாவை வெடித்து வெளியே கொட்டும். மருந்து பாக்டீரியாவைக் கொன்றது உண்மைதான், ஆனால் நச்சு அதிகமாகிவிட்டது. அதனால்தான் இந்த வகை ஈ.கோலை என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்பதல்ல கணக்கு. ஷிகெல்லா சீதபேதிக்கும் காலராவுக்கும் அது தேவைப்படலாம். பேதி ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஆள் வேறு. அதை மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நின்று கண்டுபிடிக்க முடியாது. சாதாரணப் பேதி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். அதுவரை ஓ.ஆர்.எஸ் கரைசல் குடித்து நீர்ச்சத்தைக் காப்பாற்றினால் போதும். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது... இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். பேதியை நிறுத்தும் மாத்திரையையும் ரத்தப் பேதியில் நீங்களாகப் போடாதீர்கள்.

டாக்டர், "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் நேற்று சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் நோய் தலைகாட்டவே சுமார் 8 நாள் ஆனது. சாலட்டில் முளைப்பயறு இருந்ததே நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவில்லை. விசாரணை அதிகாரிகள் ரெஸ்டாரன்ட் சமையல்காரர்களிடம் போய், எந்த டிஷ்ஷில் என்ன போட்டீர்கள் என்று கேட்டு, யார் எதை ஆர்டர் செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுத்தான் பயறைப் பிடித்தார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஃபுட் ஆப்பின் ஆர்டர் ஹிஸ்டரியும், கேலரியில் இருக்கும் சாப்பாட்டு போட்டோக்களும் ஒரு வாரக் கணக்கைச் சொல்லிவிடும். போனை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.