எரு வண்டிக்கு எந்தக் கட்டத்தில் மார்க்?

கிராமத்து ரோடுகளில் எதை மேம்படுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? டீக்கடையில் கேட்டால் 'கட்சிக்காரங்கதான்' என்று ஒரே பதில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சிபாரிசுக்கு முன்னால் ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதற்குத்தான் மார்க். கட்டம் இல்லாத சங்கதி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கோப்பில் ஏறாது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 டிசம்பரில் தொடங்கியபோது அதன் கணக்கு 'குடியிருப்பு'. சமவெளியில் 500 பேரும் அதற்கு மேலும் வசிக்கிற, ரோடே இல்லாத குடியிருப்புக்கு ரோடு. அரை கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். மழை வந்தால் பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிப் போன ஊர்கள் இருந்த நாட்டில் அது நியாயமான கணக்கு, குறை சொல்ல மாட்டேன்.

2019-ல் வந்த மூன்றாம் கட்டம் வேறு. இருக்கிற ரோட்டை மேம்படுத்துவது, நாடு முழுக்க 1,25,000 கிலோமீட்டர். ரோடு எத்தனை பேருக்குப் பயன்படுகிறது, வழியில் சந்தை, கிடங்கு, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை என்ன இருக்கிறது என்று பார்த்து வரிசை போடுகிறார்கள். ரோடு எவ்வளவு பழுது என்பதற்கு 1 முதல் 5 வரை ஒரு அளவு. எம்.பி.யின் யோசனையும் கேட்க வேண்டும். நிலம் எடுக்க இந்தத் திட்டத்தில் காசு கிடையாது, ஆகவே அகலம் ஏற்கெனவே இருக்கிற ரோட்டுக்கே வாய்ப்பு.

சந்தைக்கு மார்க் உண்டு. சந்தைக்குப் போகிற சரக்கு விளைகிற இடத்துக்கு? அங்கேதான் எனக்குத் தகராறு.

எங்கள் கொங்குப் பக்கம் குடியானவர் பலர் ஊருக்குள் இல்லை, அவரவர் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். ஒரு இட்டேரியில் மூன்று கிலோமீட்டர் போனால் பதினைந்து இருபது சாளை வரும். தலையை எண்ணினால் நூறு தேறாது. ஆனால் அந்தத் தடத்தில் தினமும் காலையும் மாலையும் பால் போகிறது, தக்காளி போகிறது, தேங்காய் போகிறது. எங்கள் தடத்தைப் பற்றி மனுக் கொடுத்தபோது ஒரு பொறியாளர், "ஐயா, அந்த ரோட்டுல ஊரே இல்லீங்களே" என்றார். அவர் மேல் கோபமில்லை. அவர் கையில் இருக்கிற படிவம் அப்படி.

இதில் நம்மைப் போன்ற இயற்கை உழவருக்குத்தான் அடி அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. மொபெட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்து எந்தச் சேற்றிலும் கொண்டுபோய்விடலாம். தொழுவுரமோ, வேளாண் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்கும் சொல்கிற அளவே எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். ஐந்து ஏக்கருக்கு 25 டன். டிராக்டர் டிரெய்லரில் நடைக்கு 3 டன் என்று வைத்தாலும் எட்டொன்பது நடை. தடம் மோசமென்றால் டிரைவர் வாடகையை ஏற்றுவார், இல்லையென்றால் ஊர் எல்லையில் கொட்டிவிட்டுப் போவார். ரசாயனத்தை விட்டுவிடு என்று மேடையில் சொல்வது சுலபம். தடம் சரியில்லாத தோட்டத்தில் எரு வண்டி நுழையாது, மொபெட் நுழையும். (ஆட்டுப் பட்டி போட்டால் இந்தக் கவலை இல்லை, உரம் தானே நடந்து வந்துவிடும். ஆனால் பட்டி போட ஆடு எங்கே கிடைக்கிறது இப்போது?)

பணமில்லை என்ற பேச்சை ஒரு பழைய வங்கிக்காரன் ஒப்ப முடியாது. விவசாயம் முதலான முன்னுரிமைத் துறைகளுக்கு இவ்வளவு கடன் கொடுக்க வேண்டுமென்று வங்கிகளுக்கு இலக்கு உண்டு. அதை எட்டாத வங்கிகளின் பற்றாக்குறைத் தொகையைக் கொண்டு நபார்டில் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதி என்று 1995-96-ல் ஆரம்பித்தார்கள். முதல் தொகை 2,000 கோடி. இன்றும் மாநில அரசுகள் அதில் கடன் வாங்கி ரோடும் பாலமும் போடுகின்றன. சுருக்கமாகச் சொன்னால், நமக்குக் கடனாக வந்திருக்க வேண்டிய பணம். அதில் போடுகிற ரோடு நம் தோட்டத்து வாசலையும் எட்டிப் பார்க்கட்டுமே. மாநில அரசும் 2023-ல் முதல்வரின் கிராமச் சாலைகள் திட்டத்தில் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி என்று அறிவித்தது.

எல்லா இட்டேரியிலும் தார் ஊற்றச் சொல்லவில்லை. தார் வந்த மறுவருசமே சைட் பிரித்துக் கல் நட்டதை நாம் பார்க்கவில்லையா? வேலியில் இருக்கிற கிளுவையும் வேம்பும் போய்விடும், ஓணானும் காடையும் போய்விடும். நமக்கு வேண்டியது பள்ளம் குறுக்கிடும் இடத்தில் ஒரு தரைப்பாலம், நல்ல கிராவல், ஓரத்தில் தண்ணீர் ஓட வழி. இந்தச் சின்ன வேலைக்குத்தான் எந்தத் திட்டத்திலும் ஆள் அக்கறை காட்டுவதில்லை. அகலமான ரோட்டை இன்னும் அகலமாக்குவதில்தான் எல்லோருக்கும் ஆசை.

நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபதடித் தடத்தில் ஆளுக்கு நாலடி வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, ரோடு வரவில்லை என்று மனு எழுதினால் எப்படி வரும்?

அடுத்த கிராம சபைக்கு முன்னால் சில வேலைகள் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் உங்கள் தடம் வண்டிப்பாதை என்று இருக்கிறதா, எத்தனை அகலம் என்று பாருங்கள். மாவட்ட ஊரகச் சாலைத் திட்டத்தில் அதற்கு எண் உண்டா என்று யூனியன் அலுவலகத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லில் மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எண் இல்லாத ரோடு அரசாங்கத்துக்கு ரோடே இல்லை. பிறகு ஒரு நோட்டில் ஒரு மாசம் குறித்து வையுங்கள்: எத்தனை லிட்டர் பால், எத்தனை கூடை காய், எத்தனை டன் எரு, மழையில் எத்தனை நாள் வண்டி நின்றது. 'ரோடு வசதி வேண்டும்' என்று ஒற்றை வரியில் தீர்மானம் போடாமல், இந்த எண்களைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதவைத்து நகல் வாங்குங்கள். எங்கள் தடத்தில் நாங்கள் பதினேழு குடும்பம் சேர்ந்து நோட்டுப் போட ஆரம்பித்திருக்கிறோம். எரு நடைக்குத் தனிப் பத்தி.