வீரனின் வரவேற்பு

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேநீர்க் கோப்பையைக் கையிலேந்தியவாறு இப்பகுதியைப் புரட்டும் அன்பர்கள், இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டா. நாய்க்குட்டி வளர்க்கும் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வதும், ஆனால் விருந்தினர் முன்னிலையில் எவரும் வாய்திறந்து பேசாததுமான ஒரு விஷயம் இது. வெளியே சென்ற வீட்டார் திரும்பி வருகின்றனர். குட்டி ஓடிவருகிறது, வாலை ஆட்டுகிறது, துள்ளுகிறது, அத்துடன் அமையாது, நின்ற இடத்திலேயே சிறுநீரையும் கழித்துவிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

இவ்வினாவுக்கு விடை காண்பதில் நாம் செய்த தவற்றை முதலிற் கூறிவிடுவதே முறையாகும்.

தெமோதரையைக் கடந்து பதுளையை நோக்கி வரும் புகையிரதம், பதுளைக்கு முன்னர் இறுதியாக நிற்கும் நிலையம் ஹாலிஎல. அவ்வூரில், தேயிலைச் சரிவொன்றைப் பார்த்தபடி அமைந்தது எமது சிறிய வீடு. சென்ற ஆண்டு கார்த்திகை மாத மழை பிடித்துக்கொண்ட நாளொன்றில், எமது இளைய மகன் அயற்தோட்டத்து லயத்திலிருந்து மூன்று மாதக் குட்டியொன்றைச் சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்தான். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அப்பிராணிக்கு அவன் சூட்டிய பெயர் ‘வீரன்’. பெயரளவிலேனும் வீரம் இருக்கட்டும் என்று நாமும் இசைந்தோம்.

மாலை நான்கு மணியளவில் நாம் பாடசாலையிலிருந்து திரும்பிக் குடையை மடக்கியதும், வீரன் விறாந்தையின் மறுகோடியிலிருந்து பாய்ந்து வருவான். வந்து எமது சப்பாத்துகளுக்கிடையே புகுந்து சுழல்வான். அவன் சுழன்ற வட்டமெங்கும் ஈரமாகும். முதலிரண்டு நாள் அனைவரும் சிரித்தோம். மூன்றாம் நாள் எமது தாயார், “சுவாமி அறைக்குப் போகிற வழி இது, தம்பி. நாளுக்கு எத்தனை தடவைதான் கழுவுவது?” என்றார்கள். அவர்கள் கூறியதில் நியாயம் இருந்தது. ஒரு கிழமை கழித்து, புதிய சப்பாத்து நனைந்துவிட்ட ஆத்திரத்தில், நாம் உரத்த குரலில் அதட்டிக் குடையையும் ஓங்கினோம். அடிக்கவில்லை, ஓங்கினோம், அவ்வளவே.

அதன் விளைவு யாது? வீரன் திருந்தினானா? இல்லை. மறுநாள் அவன் பாய்ந்து வரவில்லை. காதுகளைப் பின்னே மடித்து, வயிறு தரையில் உராயத் தவழ்ந்து வந்தான், எம் காலடியில் மல்லாந்து படுத்தான், படுத்தபடியே நனைத்தான். நான்கைந்து நாளில், குடையை மடக்கும் ஓசை கேட்டாலே போதும் என்றாயிற்று. முன்னர் மகிழ்ச்சியால் நிகழ்ந்தது இப்போது அச்சத்தால் நிகழலாயிற்று. குட்டியை வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவது என்று அன்றிரவு வீட்டில் தீர்மானித்தோம்.

எமது மகன் அழவில்லை. அவன் ஒன்று மட்டும் கேட்டான்: “அப்பா, நான் வரும்போது அது ஏன் இப்படிச் செய்வதில்லை?”

அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. மறுநாள் குட்டியை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கச் சென்றபோது, லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “வாத்தியாரையா, குட்டி தப்புச் செய்யலீங்க. அது ஒங்களுக்குக் கும்பிடு போடுதுங்க. அதுக்குத் தெரிஞ்ச கும்பிடு அதுதானுங்க,” என்றார். ஆயுள் முழுவதும் தோட்டத்திற் காவல் புரிந்து, பல தலைமுறை நாய்களைக் கண்டவர் அவர். குட்டியை விட்டுவரச் சென்ற நாம், அவர் சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பினோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அம்முதியவரின் கூற்று பெரும்பாலும் மெய்யென்பதை அறிந்தோம்.

பிறந்த குட்டி முதன்மூன்று கிழமைகளும் தானாகச் சிறுநீர் கழிக்க வல்லதன்று. தாய் அதனைப் புரட்டி, வயிற்றையும் பின்புறத்தையும் நாவால் வருடியே கழிக்கச் செய்கிறது. மல்லாந்து கிடப்பதும், பெரியதொன்றின் முன் நீர் கழிப்பதும் இவ்வாறு குட்டியின் முதற் பழக்கமாகின்றன. வளர்ந்த பின்னர், ‘நான் சிறியவன்; உமக்குப் பணிந்தவன்; என்னை வருத்தாதீர்’ என்பதைத் தன்னினும் வலியதற்கு உணர்த்த, நாய் அதே நிலையை மீண்டும் மேற்கொள்கிறது. இது பணிவினால் வருவது.

மற்றொன்று களிப்பினால் வருவது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை குட்டிகளிடம் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. உடல் முழுவதும் குதூகலிக்கும்போது அப்பிடி தளர்ந்துவிடுகிறது. குட்டி வேண்டுமென்று செய்வதன்று, செய்ததை அறிவதுமில்லை. எனவே, கண்ட இடத்தில் கழிக்கும் பழக்கக்குறைவு வேறு, இது வேறு. வெளியே சென்று கழிக்க நன்கு பழகிய குட்டியிடமும் இதைக் காணலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நிமிர்ந்து நின்று, வாலை வீசி, ஓடியாடுகையில் நனைத்தால் அது களிப்பு. உடலைத் தாழ்த்தி, காதை மடித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, கண்ணை வேறுபுறம் திருப்பினால் அது பணிவு அல்லது அச்சம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது அச்சத்தையும் உவகையையும் அவற்றுள் வைத்தார். மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறையை ஆராய்ந்து சார்ல்ஸ் டார்வின் 1872இல் ஒரு நூல் வெளியிட்டார். பகைமையுடன் நெருங்கும் நாயையும், பணிவும் அன்பும் கொண்டு குழையும் நாயையும் அதிற் படங்களாகவே காட்டியிருக்கிறார். உடல் பேசும் மொழியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு நாய் ஒரு திறந்த புத்தகம். நாமோ படிக்காமலே தண்டனை விதித்தோம்.

அத்தண்டனை ஏன் பயன் தரவில்லை என்பதற்கும் விடை உண்டு. ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் உணவுச் செரிமானத்தை ஆராய்ந்தவர்; அவ்வாராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆய்வுகூடத்து நாய்கள், உணவு வாயிற் படுவதற்கு முன்னரே, அதைக் கொண்டுவரும் பணியாளரின் காலடி ஓசைக்கே உமிழ்நீர் சுரந்தன. ஓர் ஓசையும் அதைத் தொடர்ந்து வருவதும் நாயின் மனத்தில் இணைந்துவிடுகின்றன. வீரனுக்கு எமது குடையின் ஓசை அவ்வாறே ஆயிற்று. ‘தரையை நனைத்ததால் அதட்டுகிறார்’ என்று குட்டி கருதாது. ‘இவர் வந்தால் அதட்டுவார்’ என்றே கருதும். அதட்டலுக்கு அதற்குத் தெரிந்த ஒரே மறுமொழி இன்னும் பணிவது; பணிவென்றால் இன்னும் நனைப்பது. அதனாலேயே, மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும், காகிதத்தைச் சுருட்டி அடிப்பதும் இந்நோயை வளர்க்கும் மருந்துகளாகின்றன.

எமது மகன் வரும்போது குட்டி நனைக்காததன் காரணமும் இப்போது விளங்கிற்று. அவன் புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படியில் அமர்ந்துகொள்வான். குட்டி தானாக வந்து மடியில் ஏறும். நாமோ உயரமாய் நின்று, மேலிருந்து குனிந்து, தலைக்கு மேலாகக் கையை நீட்டுவோம்.

ஆகவே, எம்மை நாம் பழக்கிக்கொண்ட முறையை இங்கே தருகிறோம்.

முதலாவது, வரும்போது ஆரவாரம் கூடாது. நான்கைந்து நிமிடம் குட்டியைப் பாராமலும் அழைக்காமலும் எமது அலுவலைக் கவனித்தல் வேண்டும். அதன் துள்ளல் அடங்கிய பின்னரே மெதுவாகப் பேசலாம்.

இரண்டாவது, நேருக்கு நேர் நிற்காது பக்கவாட்டிலே திரும்பி, தாழ அமர்தல் வேண்டும். குட்டி தானாக வரட்டும். தொடுவதாயின் தலைக்கு மேலன்றி, மோவாயின் கீழோ மார்பிலோ தொடலாம்.

மூன்றாவது, சந்திப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம். மண்ணில் நனைந்தால் எவருக்கும் நட்டமில்லை. அங்கே அது நீர் கழித்தால், மென்குரலில் ஒரு சொல்லும் சிறு பாண் துண்டும் கொடுத்தால், இடம் எதுவென்பதும் விளங்கிவிடும்.

நான்காவது, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க விடலாகாது. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் வெளியே கொண்டுசெல்லல் வேண்டும். இதற்காகக் குடிநீரைக் குறைப்பது தவறு.

ஐந்தாவது, நனைந்துவிட்டால் ஒன்றும் சொல்லாது துடைத்துவிடுக. சாக்குத் துண்டால் ஒற்றியெடுத்தபின், நீர் கலந்த வினாகிரியாற் கழுவலாம். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் வாடையையே நினைவூட்டுவனவாதலால் அவற்றைத் தவிர்த்தல் நலம்.

ஆறாவது, விருந்தினர்க்கும் இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும். வீட்டார் ஐவர் அடங்கியிருந்தும், வந்தவர் ஒருவர் கைதட்டி அழைத்தால் முயற்சியெல்லாம் வீணாகும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். எல்லா ஈரமும் உணர்ச்சியால் வருவதன்று. உறங்கும்போதும் கசிந்தால், அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தால், கழிக்கையில் முனகினால், சிறுநீரில் இரத்தம் தோன்றினால், அல்லது வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக நீர் குடித்தால், அது சிறுநீர்ப்பாதை நோயாகவோ பிறவிக் குறையாகவோ இருக்கக்கூடும். அருகிலுள்ள கால்நடை வைத்தியரிடம் தாமதியாது காட்டுதல் வேண்டும். உணர்ச்சியினால் வருவதாயின், பெரும்பாலான குட்டிகளிடம் ஒரு வயது நிரம்புமுன் அது தானாகவே நின்றுவிடும். பொறுமையற்றோர் அதுவரை காத்திராமல், குட்டியைச் சாக்கிற் கட்டி எங்கோ ஒரு வீதி வளைவில் விட்டுச்செல்கின்றனர். எமது மலைநாட்டு வீதிகளில் பஸ் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் மெலிந்த குட்டிகளைக் காணும்போதெல்லாம், இவற்றுள் எத்தனை அன்பு மிகுந்த குற்றத்துக்காகத் துரத்தப்பட்டவையோ என்று இப்போது எண்ணுகிறோம்.

வீரன் உடனே மாறிவிடவில்லை. குடையை வீதியிலேயே மடக்கிக்கொண்டு நாம் ஓசையின்றி நுழையத் தொடங்கி இரண்டு கிழமைகள் கழிந்த பின்னரே, அவன் வயிறு தரையை விட்டு எழுந்தது. தைப்பொங்கலன்று உறவினர் திரண்டு வந்தபோது மீண்டும் ஒரு தடவை விறாந்தை நனைந்தது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அதே உறவினர் வந்தபோது தரை உலர்ந்தே இருந்தது. எமது தாயார் அதைக் கவனித்துவிட்டு, சுவாமிக்குப் படைத்த சர்க்கரைச் சாதத்தில் ஒரு பிடியை அவனுக்கென ஒதுக்கி வைத்தார்கள்.

நாயின் நட்பை யானையின் நட்பினும் மேலாக நாலடியார் மதிப்பதை மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். குடையை ஓங்கிய அன்றும் வீரனின் வால்நுனி அசைந்துகொண்டே இருந்ததென்பது நினைவுக்கு வரும்போது, கற்பித்ததை நாம் கற்கவில்லையே என்று நாணுகிறோம்.

அந்நாணம் வீட்டோடு நிற்கவில்லை. எமது வகுப்பில், வாசிக்க எழுப்பினால் நாவெழாது நிற்கும் மாணவன் ஒருவன் இருந்தான். ஆண்டின் தொடக்கத்தில் அவனுடைய உச்சரிப்புப் பிழையொன்றுக்காக நாம் உரத்துக் கடிந்ததுண்டு. அதன்பின் நாம் அவன் மேசையருகே சென்றாலே புத்தகம் அவன் கையில் நடுங்கும். முயற்சியற்றவன் என்று அவனைப்பற்றி எழுதியும் வைத்திருந்தோம். வீரனைப் புரிந்துகொண்ட பின்னர், அவன் முன்னே நிற்பதை விட்டோம். யன்னலருகே சென்று வெளியே பார்த்தவாறு, பக்கத்து மாணவனுக்குப் படித்துக் காட்டும்படி சொன்னோம். முதல் நாள் ஒரு வரி. அடுத்த கிழமை ஒரு பத்தி. ஒரு நாள் பக்கம் முழுவதையும் தடையின்றி வாசித்து முடித்தான். நாம் திரும்பிப் பாராட்டவில்லை. “அடுத்த பக்கம்” என்று மட்டும் சொன்னோம். அவன் வாசித்தான்.