ஒரு லட்சம் வியூஸ் வந்தாலும் காசு ஏன் கம்மி? கூகுள் வழக்கும், இணையதளம் நடத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விளம்பர வார்த்தைகளும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அலெக்சாண்ட்ரியா ஃபெடரல் நீதிமன்றம், 2025 ஏப்ரல் 17 அன்று கூகுளுக்கு எதிராக ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. இணைய விளம்பரத் தொழிலில் இரண்டு சந்தைகளை கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகமாக்கி வைத்திருக்கிறது என்றார் நீதிபதி லியோனி பிரிங்கெமா. ஒன்று, 'பப்ளிஷர் ஆட் சர்வர்'. இன்னொன்று, 'ஆட் எக்ஸ்சேஞ்ச்'.

செய்தி பரபரப்பாக ஓடியது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் என்ன அர்த்தம் என்பது, இணையதளம் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் பலருக்கே சரியாகத் தெரியாது. பெரிய நாளிதழின் தளமாக இருந்தாலும் சரி, வீட்டில் உட்கார்ந்து ஒருவர் நடத்தும் சமையல் குறிப்புத் தளமாக இருந்தாலும் சரி, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்பதை இந்த வார்த்தைகள்தான் தீர்மானிக்கின்றன.

வியூஸ் வேறு, இம்ப்ரெஷன் வேறு

முதல் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் அது ஒரு பேஜ் வியூ. அந்தப் பக்கத்தில் விளம்பரத்துக்காக மூன்று இடங்கள் ஒதுக்கி வைத்திருந்தால், மூன்று முறை "இங்கே போட விளம்பரம் இருக்கிறதா?" என்ற கேள்வி வெளியே போகும். இதுதான் ஆட் ரிக்வெஸ்ட். கேட்ட எல்லா முறையும் விளம்பரம் வந்துவிடாது. கேட்டதில் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பது ஃபில் ரேட். நிரம்பிக் காட்டப்பட்டது ஒவ்வொன்றும் ஒரு இம்ப்ரெஷன்.

காட்டப்பட்டது என்றால் பார்க்கப்பட்டது என்று அர்த்தம் இல்லை. பக்கத்தின் அடியில் விளம்பரம் ஏறியிருக்கும், வாசகர் பாதியிலேயே கிளம்பியிருப்பார். அதனால்தான் 'வியூவபிள் இம்ப்ரெஷன்' என்று தனியாக ஒரு கணக்கு வந்தது. சாதாரண படவிளம்பரம் என்றால் அதன் பிக்சல்களில் பாதியாவது, தொடர்ந்து 1 விநாடியாவது திரையில் தெரிந்திருக்க வேண்டும். வீடியோ என்றால் 2 விநாடி. ஒரு விநாடி பாதி தெரிந்தால் 'பார்த்ததாக' எடுத்துக்கொள்வது கொஞ்சம் தாராளமான கணக்குதான். ஆனாலும் தொழில் முழுக்க ஒப்புக்கொண்ட அளவுகோல் அது.

காசுக் கணக்கு எப்படி?

விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும் முறைகளில் இரண்டு முக்கியம். கிளிக் செய்தால் மட்டும் காசு என்பது சிபிசி. ஆயிரம் முறை காட்டியதற்கு இவ்வளவு என்பது சிபிஎம். நூறு முறை காட்டினால் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பது சிடிஆர்.

சிபிஎம் என்ற வார்த்தையில் 'எம்' என்பது மில்லியன் அல்ல, ரோமன் எண்ணில் ஆயிரம். இதை லட்சக்கணக்கு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

கூகுளின் ஆட்சென்ஸ், 2003-ல் வந்ததிலிருந்து பெரும்பாலும் கிளிக்கை வைத்தே காசு கொடுத்து வந்தது. 2023 நவம்பரில் இதை மாற்றப்போவதாக அறிவித்து, 2024 தொடக்கத்தில் இம்ப்ரெஷன் கணக்குக்கு மாறியது. "கிளிக் குறைஞ்சிருக்கு, ஆனா வருமானம் அப்படியே இருக்கே" என்று அப்போது சிலர் குழம்பியதற்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

இனி ஆர்பிஎம். சிபிஎம் என்பது ஆயிரம் விளம்பரங்களுக்கான விலை. ஆர்பிஎம் என்பது உங்கள் தளத்தின் ஆயிரம் பேஜ் வியூவுக்குக் கைக்கு வந்த வருமானம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் பேஜ் வியூ. பக்கத்துக்கு 3 விளம்பர இடம், ஆக 3 லட்சம் ரிக்வெஸ்ட். ஃபில் ரேட் 80 சதவீதம் என்றால் 2.4 லட்சம் இம்ப்ரெஷன். உங்கள் கைக்கு வரும் சிபிஎம் 20 ரூபாய் என்றால் மொத்த வருமானம் 4,800 ரூபாய். ஆர்பிஎம் 48 ரூபாய். ஒரு லட்சம் வியூஸ் என்று கேட்கும்போது இருக்கும் பிரம்மாண்டம், ரூபாயாக மாறும்போது இப்படித்தான் சுருங்கும்.

இந்த 20 ரூபாயும் நிலையானது இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஏறும், விற்பனை சீசன் முடிந்ததும் இறங்கும். ஒரே தமிழ்க் கட்டுரையை மதுரையில் ஒருவரும் டொராண்டோவில் ஒருவரும் படித்தால், இரண்டுக்கும் கிடைக்கும் சிபிஎம் ஒன்றாக இருக்காது. கனடா வாசகருக்காக விளம்பரதாரர்கள் பொதுவாக அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். சொல்லப்போனால், தமிழில் எழுதிய தளங்களுக்கு ஆட்சென்ஸ் அதிகாரபூர்வமாகக் கிடைத்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு பல வருடங்கள் வலைப்பூ எழுதிய தமிழர்களுக்கு, எழுத்து இருந்தது, வாசகர் இருந்தார்கள், அந்த வழியில் வருமானம் மட்டும் கிடையாது.

பக்கம் திறப்பதற்குள் நடக்கும் ஏலம்

கூகுள் வழக்கு புரிய வேண்டும் என்றால் இந்தப் பகுதிதான் முக்கியம். வாசகர் ஒரு இணைப்பைத் தட்டுகிறார். பக்கம் திறக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில், அந்த விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. இதற்குப் பெயர் ரியல் டைம் பிட்டிங்.

ஈரோடு மஞ்சள் ஏலத்தை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். விவசாயி பக்கம் சரக்கை எடுத்து வைத்து, யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க ஒரு ஆள் தேவை. இணையத்தில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் பப்ளிஷர் ஆட் சர்வர். எந்த இடத்தில் எந்த விளம்பரம் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். ஏலம் நடக்கும் கூடம், ஆட் எக்ஸ்சேஞ்ச். வாங்குபவர் சார்பில் விலை கேட்கும் மென்பொருள் டிஎஸ்பி. பப்ளிஷர் சார்பில் பல வாங்குபவர்களிடம் இடத்தை விற்கப் பார்ப்பது எஸ்எஸ்பி. "இதுக்குக் கீழே கொடுக்க மாட்டேன்" என்று பப்ளிஷர் வைக்கும் குறைந்தபட்ச விலை ஃப்ளோர் பிரைஸ். ஃப்ளோரை ரொம்ப உயர்த்தினால் ஃபில் ரேட் விழும், ரொம்பத் தாழ்த்தினால் சிபிஎம் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பப்ளிஷரின் மொத்த சாமர்த்தியமும் இருக்கிறது.

சரி, விவசாயியின் ஏஜென்டும், வியாபாரியின் ஏஜென்டும், ஏலக்கூடத்தின் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருந்தால்? இணைய விளம்பரத்தில் நிலைமை அதுதான். 2008-ல் டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு கூகுள் வாங்கி முடித்தது. அதன் மூலம் வந்த ஆட் சர்வர் டிஎஃப்பி, எக்ஸ்சேஞ்ச் ஏடிஎக்ஸ். 2018-ல் இரண்டையும் சேர்த்து 'கூகுள் ஆட் மேனேஜர்' என்று பெயர் வைத்தார்கள். வாங்குபவர் பக்கம் 'கூகுள் ஆட்ஸ்' ஏற்கனவே இருக்கிறது. ஒரு பெரிய வங்கியே பங்குச்சந்தையையும் சொந்தமாக வைத்திருப்பது போல ஆகாதா என்று கூகுள் ஊழியர் ஒருவரே உள் மின்னஞ்சலில் கேட்டிருந்தது, அமெரிக்க அரசு தாக்கல் செய்த புகாரில் இடம்பெற்றது.

நீதிபதி கண்ட தவறு என்ன?

ஏடிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் கூகுள் ஆட்ஸ் வழியாக எண்ணற்ற விளம்பரதாரர்கள் வருகிறார்கள். எந்தப் பப்ளிஷரும் அதை விட முடியாது. ஆனால் அந்த எக்ஸ்சேஞ்சின் நேரடி ஏல விலை சரியாகக் கிடைக்க வேண்டும் என்றால், டிஎஃப்பி ஆட் சர்வரைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். ஒன்றோடு ஒன்றைக் கட்டிப்போட்ட இந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்பது தீர்ப்பின் மையம்.

இதோடு இரண்டு பழைய சலுகைகளும் விசாரணையில் அலசப்பட்டன. 'ஃபர்ஸ்ட் லுக்' என்பது, மற்ற எக்ஸ்சேஞ்சுகளுக்கு முன்னால் ஏடிஎக்ஸுக்கு முதல் வாய்ப்பு. 'லாஸ்ட் லுக்' என்பது, மற்றவர்கள் கேட்ட விலையைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கொஞ்சம் வைத்து எடுத்துக்கொள்ளும் வசதி. இதிலிருந்து தப்பிக்கப் பப்ளிஷர்கள் கண்டுபிடித்த வழிதான் 'ஹெடர் பிட்டிங்'. ஆட் சர்வரிடம் போவதற்கு முன்பே, பக்கத்தின் ஹெடர் பகுதியில் ஒரு கோடு போட்டு, பல எக்ஸ்சேஞ்சுகளை ஒரே நேரத்தில் விலை கேட்க வைப்பது. இன்றைக்கும் பெரிய தளங்கள் பலவற்றில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

2019-ல் கூகுள் இன்னொரு விதி கொண்டுவந்தது. ஏடிஎக்ஸுக்கு மட்டும் அதிக ஃப்ளோர் பிரைஸ், மற்றவர்களுக்குக் குறைவு என்று பப்ளிஷர்கள் வைத்துக்கொண்டிருந்ததை அது தடுத்தது. சொந்த இடத்துக்கு யாரிடம் என்ன விலை சொல்வது என்ற உரிமையே அதில் போனது.

எல்லாக் குற்றச்சாட்டும் நிரூபணமாகவில்லை. விளம்பரதாரர் பக்கத்து சந்தை தொடர்பான புகாரை நீதிபதி ஏற்கவில்லை. டபுள்கிளிக்கை வாங்கியதும் தன்னளவில் தவறு என்று அவர் சொல்லவில்லை. பப்ளிஷர்களுக்கு நிறைய மாற்று வழிகள் இருக்கின்றன, தங்கள் கருவிகள் எளிமையாக இருப்பதால்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கூகுளின் வாதம்.

நூறு ரூபாயில் கைக்கு வருவது எவ்வளவு?

இதில் பப்ளிஷர் பாக்கெட்டைத் தொடும் வார்த்தை 'டேக் ரேட்', அதாவது நடுவில் இருப்பவரின் கமிஷன். ஏடிஎக்ஸ் பல வருடங்களாக எடுத்து வந்தது 20 சதவீதம். மற்ற போட்டியாளர்கள் குறைத்தபோதும் அது குறையவில்லை என்பது தீர்ப்பில் ஏகபோகத்துக்கான ஆதாரங்களில் ஒன்றாகக் காட்டப்பட்டது.

ஆட்சென்ஸ் கணக்கு கொஞ்சம் வெளிப்படை. கூகுள் ஆட்ஸ் மூலம் விளம்பரதாரர் 100 ரூபாய் கொடுத்தால், சராசரியாக 15 ரூபாய் வாங்கும் பக்கத்துக் கட்டணம். மீதி 85 ரூபாயில் 80 சதவீதம் தளத்துக்கு. ஆக 68 ரூபாய்.

பல இடைத்தரகர்கள் வழியாகப் போகும் விளம்பரத்தில் நிலைமை இன்னும் மங்கல். பிரிட்டனில் விளம்பரதாரர் சங்கமான ஐஎஸ்பிஏ, பிடபிள்யூசி நிறுவனத்தை வைத்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் பப்ளிஷருக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம். அதைவிட அதிர்ச்சி, 15 சதவீதம் எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை! 2023-ல் வந்த இரண்டாவது ஆய்வில் பப்ளிஷர் பங்கு 65 சதவீதமாக உயர்ந்தது, காணாமல் போன பணம் 3 சதவீதமாகக் குறைந்தது. வெளிச்சம் போட்டுப் பார்த்ததும் ஓட்டை சின்னதாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணம் மட்டுமல்ல, தளத்தின் பெயரே திருடுபோகும். 2017-ல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை சோதித்தபோது, தன் தளத்தின் பெயரைப் போலியாகப் போட்டு மாதம் சுமார் 10 லட்சம் பவுண்டு மதிப்புக்கு எக்ஸ்சேஞ்சுகளில் விளம்பர இடம் விற்கப்படுவதைக் கண்டுபிடித்தது. இதைத் தடுக்க அதே வருடம் வந்ததுதான் 'ஆட்ஸ்.டிஎக்ஸ்டி'. உங்கள் தளத்தின் இடத்தை விற்க யார் யாருக்கு அனுமதி என்று எழுதி வைக்கும் ஒரு சின்ன ஃபைல். இது தப்பாக இருந்தால் நியாயமான வாங்குபவரும் ஒதுங்கிவிடுவார். திடீரென்று ஃபில் ரேட் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

இந்தியாவில் என்ன நிலைமை?

டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், 2022 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு செய்தித்தாள் நிறுவனங்களின் அமைப்பும், செய்தி சேனல்களின் அமைப்பும் கொடுத்த புகார்களும் இதோடு சேர்க்கப்பட்டன. டிவி சேனல்களின் இணையதளங்களும் இந்த வழக்கில் வேடிக்கை பார்ப்பவை அல்ல, பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் தரப்பு. வருமானம் எவ்வளவு, எதன் அடிப்படையில் பிரிக்கப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரிவதே இல்லை என்பது புகாரின் சாரம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 5 அன்று இதே விளம்பரத் தொழில்நுட்ப விவகாரத்தில் கூகுளுக்கு 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே மாதம் அமெரிக்காவில், தீர்வு என்ன என்பது பற்றிய விசாரணை தொடங்கியது. ஏடிஎக்ஸை விற்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் கோரிக்கை. விற்கத் தேவையில்லை, ஏடிஎக்ஸ் ஏல விலையைப் போட்டி ஆட் சர்வர்களுக்கும் கிடைக்கச் செய்கிறோம், 2019 விலை விதியையும் கைவிடுகிறோம் என்பது கூகுள் முன்வைத்த யோசனை.

இந்த இரண்டில் எது நடந்தாலும், ஆட் சர்வரை மாற்ற நினைக்கும் நடுத்தர, பெரிய தளங்களுக்கு "ஏடிஎக்ஸ் வருமானம் போயிடுமே" என்ற பயம் குறையும். ஆட்சென்ஸ் மட்டும் வைத்திருக்கும் சின்ன தளத்துக்கு டாஷ்போர்டில் உடனே எதுவும் மாறாது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம், தபாலில் வரும் பின் நம்பரைப் போட்டால்தான் கணக்கு சரிபார்ப்பு, தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்தால் கணக்குக்கே ஆபத்து என்ற விதிகள் இந்த வழக்கின் எல்லைக்கு வெளியே இருப்பவை.