டாப்பெட் பேசட்டும்!

மௌனம் சிறந்ததென்று பெரியோர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். மனிதர்களைப் பொறுத்த வரையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பழைய மோட்டார் ஸைக்கிள் விஷயத்தில் அந்த உபதேசத்தைப் பின்பற்றினால் பணத்துக்குக் கேடு விளையும் என்பதைச் சமீபத்தில் நேரில் கண்டேன்.

என் நண்பர் ஒருவருடைய வீட்டில், அவர் தகப்பனார் வாங்கிய புல்லட் வண்டி ஒன்று இருக்கிறது. 350 ஸி.ஸி.; பழைய இரும்பு ஸிலிண்டர் வகை. பெரியவர் காலமான பின் பல வருஷம் அது கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. கல்லூரியில் வாசிக்கும் பேரன் அதைத் துடைத்து ஓட்டத் தொடங்கினான். ஓடும்போது யந்திரத்தின் பக்கத்திலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சிறு சத்தம் வந்தது. “இதென்ன வியாதி?” என்று பயந்து ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே வண்டி கொதித்துக் கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி, ஸ்பானரை இரண்டு திருப்புத் திருப்பி, சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதந்தான் நீடித்தது. காலையில் எத்தனை உதைத்தாலும் வண்டி கிளம்பவில்லை. கிளம்பினாலும் மேட்டில் ஏறத் திணறியது. ஸிலிண்டர் தலையைத் திறந்து பார்த்தபோது, புகை வெளியேறும் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் தீய்ந்து அரித்துப் போயிருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். ஸிலிண்டரின் தலையில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவது. மற்றது எரிந்த புகையை வெளியே விடுவது. யந்திரம் நிமிஷத்துக்கு 3000 தடவை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1500 தடவை, அதாவது வினாடிக்கு 25 தடவை, திறந்து மூட வேண்டும். கீழேயுள்ள டாப்பெட், புஷ் ராடு என்னும் நீண்ட கம்பியைத் தள்ள, அது மேலேயுள்ள ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது.

புகை வால்வு நெருப்பிலேயே வாழ்வது. அது மூடித் தன் ஆசனத்தில் அழுந்தி உட்காரும் சிறு நேரத்தில்தான் தன் சூட்டின் பெரும் பகுதியை ஸிலிண்டர் தலைக்குக் கொடுத்து ஆறுகிறது. கம்பி இறுக்கமாயிருந்தால் வால்வு முழுவதும் உட்காராது. இளைப்பாற இடமும் இல்லை. இடுக்கு வழியே நெருப்பும் பீறிடும். பிறகு தீயாமல் என்ன செய்யும்? இடைவெளி அதிகமானால் சத்தம் மிகும், பாகங்கள் தேயும், பலம் குறையும். எனினும் அது வாய் விட்டுச் சொல்லும் வியாதி. இறுக்கமோ ஊமை வியாதி.

அந்தப் பட்டறையில் செய்த பிழை, சூட்டோடு வேலை செய்ததே. இந்த யந்திரத்தில், சூடேறும்போது ஸிலிண்டரும் தலையும் கம்பியை விட அதிகமாக வளர்வதால் இடைவெளி பெருகும், ஆறினால் குறையும். சூட்டில் சத்தமே இல்லாமல் சரிப்படுத்தினால், ஆறிய பின் கம்பி வால்வைத் தூக்கிப் பிடித்துக் கொள்ளும். காலையில் வண்டி கிளம்பாததன் ரகசியம் அதுதான்.

சரியான முறை இது. வண்டி இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸிலிண்டரின் பக்கத்திலுள்ள டாப்பெட் மூடியைத் திறந்தால் இரண்டு கம்பிகளின் அடிப்பாகம் தெரியும். மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை மெல்ல முன்னோக்கி உருட்டி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். உச்சியருகில் ஒரு கம்பி இறங்க மற்றொன்று ஏறினால், அது தவறான உச்சி. யந்திரத்தை இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றுக. இரண்டும் அசையாமல் நிற்கும் உச்சியே நமக்கு வேண்டியது.

இப்போது ஒவ்வொரு கம்பியையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. வேறு பல வண்டிகளுக்குத் தகட்டு அளவுகோல் தேவை. இதற்கு நம் விரலே அளவுகோல். சரியாக இல்லையென்றால், அடியிலுள்ள பகுதியை ஒரு ஸ்பானரால் பிடித்துக் கொண்டு, நடுவிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, மேல் பகுதியைத் திருப்பிச் சரி செய்து, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அளவு சிறிது நகரும். ஆகையால் இறுக்கிய பின்னும் ஒரு தடவை, யந்திரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிய பின் இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பது அவசியம். மூடியின் நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் பேக்கிங் நசுங்கி எண்ணெய் கசியும்.

இந்த வண்டியின் வரலாறும் நினைக்கத் தக்கதே. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. 1955-ஆம் வருஷம் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் தயாராகலாயிற்று. 1970-இல் சீமைக் கம்பெனியில் வண்டித் தயாரிப்பு நின்றுவிட்டது. 1977-இல் நம் ஊர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது! கற்றுக் கொண்டவன் கைவிடாமல் செய்ததன் பலன் அது. அவ்விதமிருக்க, நம் வீட்டு வண்டிக்கு மூன்று ஸ்பானர் பிடிக்க நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

புது வால்வு போட்ட பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பேரனே இந்த வேலையைச் செய்தான். வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கையைத் தொடாமல் வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தார். முதல் தடவை நட்டை இறுக்கியதும் கம்பி சுழலவில்லை. “அவசரப்படாதே தம்பி, மறுபடி பார்” என்றார். மூன்றாந்தடவை சரியாயிற்று. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சூடேறியதும் ‘டிக், டிக்’ என்ற அந்தச் சிறு சத்தமும் திரும்பி வந்தது.

பையன் முகம் வாடியது. மெக்கானிக் சிரித்தார்: “பேசட்டும், தம்பி. பேசுகிற வரையில் வால்வு மூடுகிறதென்று அர்த்தம்.”

அச்சமயம் சமையலறையிலிருந்து பாட்டியம்மாள் வாசலுக்கு வந்தார். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “தாத்தா ஆபீஸிலிருந்து வருகிற சத்தம் இப்படித்தாண்டா இருக்கும், இத்தனை நாளாக இதைத்தான் காணோமென்று பார்த்தேன்” என்றார்.