கொழுந்து மடுவமும் இரசாயனச் சமன்பாடும்



10ஆம், 11ஆம் தரங்களில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரவு நேரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "உம்மா, இந்தச் சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியல்ல" என்று பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை நீட்டும். "எனக்கு எங்க மகன் அதெல்லாம் தெரியும்? வாப்பா வந்ததும் கேளுங்க" என்று தாய் சொல்லிவிடுவார். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பிள்ளை உறங்கியிருக்கும். மறுநாள் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதிக்கொண்டு, விளங்காமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சறுக்கினால், உயர்தரத்தில் அந்தப் பிரிவைப் படிக்கும் வாசலே அடைபட்டுவிடுகிறது.

தாய்மார்களே, தெரியாது என்று நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. நீங்கள் நாள்தோறும் பார்க்கும் கணக்குத்தான் இது.

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தைப் பார்க்காதவர் இல்லை. கூடையில் உள்ள கொழுந்தை நிறுத்து எழுதுவார்கள். அந்தக் கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்த் தூளாகி வெளியே வரும்போது மறுபடியும் நிறுக்கிறார்கள். ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கிறது. மீதி எங்கே? யாரும் களவெடுக்கவில்லை. கொழுந்தில் இருந்த தண்ணீர் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. அந்த ஆவியையும் பிடித்து நிறுத்தால் கணக்குச் சரியாக வரும்.

இரசாயனத்தின் அடிப்படையும் இதுவேதான். எந்தப் பொருளும் இல்லாமல் போவதில்லை. இல்லாததிலிருந்து எதுவும் உண்டாவதுமில்லை. பிரான்சு நாட்டு அறிஞர் லவோசியே மூடிய பாத்திரங்களில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து இதை உறுதிப்படுத்தினார். 1789இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் படங்களை வரைந்தவர் அவருடைய மனைவி மரீ ஆன். ஆய்வுகூடக் குறிப்புகளை எழுதியவரும் அவரே. ஆகவே, இது பெண்களுக்கு எட்டாத துறை என்று யாரும் சொல்ல வேண்டாம். 'கிமியா' என்பதும் 'அல்கலி' என்பதும் அரபுமொழி வழியாக உலகுக்குப் போன சொற்கள். 'அல்கலீ' என்றால் செடிகளை எரித்த சாம்பல். சட்டி துலக்க நம் பாட்டிமார் எடுத்த அதே சாம்பல்தான்!

கலப்பது வேறு, மாறுவது வேறு

கொழுந்து வாடும்போது தண்ணீர் போகிறது. ஆவியாகிப் போகும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. ஆகவே அந்த ஆவியாதல் இரசாயனத் தாக்கம் அல்ல. உருளையில் அரைபட்டபின் பச்சை இலை செம்பு நிறமாகிறதே, அதுதான் தாக்கம். இலையில் உள்ள பொருள்களுடன் காற்றில் உள்ள ஒட்சிசன் சேர்ந்து, நிறமும் மணமும் சுவையும் கொண்ட புதுப்பொருள்கள் உண்டாகின்றன. தொழிற்சாலையில் இதை நொதித்தல் என்று சொன்னாலும் உண்மையில் இது ஒட்சியேற்றம். வெட்டி வைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகைதான். பச்சைத் தேயிலைக்கு, கொழுந்தை முதலிலேயே சூடாக்கி இந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

சமப்படுத்துவது எப்படி?

சமன்பாட்டின் இடப்பக்கம் சேரும் பொருள்கள். வலப்பக்கம் உண்டாகும் பொருள்கள். இடையில் அம்புக்குறி. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளையோடு அமர்ந்து மூன்று தானியங்களை எடுங்கள். கொண்டைக்கடலை காபன். பச்சைப்பயறு ஐதரசன். கௌபி ஒட்சிசன். காற்றில் உள்ள ஒட்சிசன் எப்போதும் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். ஆகவே கௌபியை இரண்டிரண்டாகவே எடுக்க வேண்டும்.

இப்போது சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனை எரிப்போம். அதன் ஒரு மூலக்கூறில் 3 காபன், 8 ஐதரசன் உண்டு. நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் வரும். காபனீரொட்சைட்டில் ஒரு காபனும் இரண்டு ஒட்சிசனும். நீரில் இரண்டு ஐதரசனும் ஒரு ஒட்சிசனும்.

முதலில் காபன்: 3 கடலை இருக்கிறது, ஆகவே 3 காபனீரொட்சைட்டு. அடுத்து ஐதரசன்: 8 பயறு இருக்கிறது, நீருக்கு இரண்டிரண்டு, ஆகவே 4 நீர். கடைசியில் ஒட்சிசன்: காபனீரொட்சைட்டுகளுக்கு 6, நீருக்கு 4, ஆகமொத்தம் 10 கௌபி. இரண்டிரண்டாக எடுத்தால் 5 சோடி.

1 புரொப்பேன் + 5 ஒட்சிசன் → 3 காபனீரொட்சைட்டு + 4 நீர்

தகனச் சமன்பாடுகளில் ஒட்சிசனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் வேலை இலகு. முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். கணக்கு ஒத்துவராதபோது, சூத்திரத்துக்கு உள்ளே இருக்கும் சிறிய எண்ணை மாற்றிவிடுவார்கள். அது கூடவே கூடாது. முன்னால் போடும் எண்ணை மாற்றலாம். அது எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும். நீரில் இன்னும் ஒரு ஒட்சிசனைச் சேர்த்து எழுதினால் அது நீர் அல்ல. காயம் கழுவப் பயன்படுத்தும் ஐதரசன் பரவொட்சைட்டு. அதைக் குடிக்க முடியுமா?

ஒரு ஒட்சிசன் குறைந்தால்

இந்தப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். விறகோ கரியோ எரியும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது உயிரோடு சம்பந்தப்பட்டது.

கரி என்பது பெரும்பாலும் காபன். காற்றோட்டம் தாராளமாக இருந்தால்:

1 காபன் + 1 ஒட்சிசன் → 1 காபனீரொட்சைட்டு

நிறையில் சொன்னால் 12 கிராம் காபன் 32 கிராம் ஒட்சிசனை எடுத்து 44 கிராம் வாயுவாகிறது. காபனைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான நிறையில் ஒட்சிசன் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கதவையும் யன்னலையும் அடைத்த அறையில் அவ்வளவு ஒட்சிசனுக்கு எங்கே போவது? இருப்பதைக் கரி பங்குபோட்டுக் கொள்கிறது:

2 காபன் + 1 ஒட்சிசன் → 2 காபனோரொட்சைட்டு

இந்தச் சமன்பாடும் சரியாகச் சமப்பட்டதுதான். ஆனால் மூலக்கூறில் ஒரு ஒட்சிசன் குறைந்ததால், கிடைத்த பொருள் நஞ்சு. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் செம்பொருளை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. மூச்சு விடுகிறோம், ஆனால் உடம்புக்கு ஒட்சிசன் போவதில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள ஊர். சனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழுவதும் உண்டு. யன்னல் சிறிதான லயக் காம்பராவிலும், கதவு இறுக அடைத்த கடைவீட்டிலும், பிள்ளை பெற்ற தாய்க்குக் குளிர் படக்கூடாதென்று தணல் சட்டியை உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். "புகைதான் அடங்கிவிட்டதே, வெறும் தணல்தானே" என்று நினைக்கிறார்கள். புகையில்லாத தணலே அதிகம் ஏமாற்றும். புகை கண்ணை எரித்து நம்மை எழுப்பும். காபனோரொட்சைட்டு எழுப்பாது, மேலும் உறங்க வைக்கும்.

ஆகவே சகோதரிகளே, உறங்கும் அறைக்குள் தணல் சட்டியோ கரியடுப்போ வைக்கவே வேண்டாம். யன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். தாய்க்கும் குழந்தைக்கும் கம்பளியும் சுடுநீர்ப் போத்தலும் போதும். போத்தலைத் துணியில் சுற்றி, குழந்தையின் உடம்பில் படாமல் வையுங்கள். சமைக்கும்போது கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள், புகைபோக்கியை அடைக்காதீர்கள். அடுப்பு எரியும் வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், தூக்கக் கலக்கம் வந்தால், தடிமன் காய்ச்சல் என்று தைலம் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்றிரவு பிள்ளை புத்தகத்தை நீட்டினால், அந்த மூன்று தானியங்களையும் மேசையில் கொட்டுங்கள். முதலில் புரொப்பேனைச் செய்யச் சொல்லுங்கள். பிறகு கரியின் இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். "ஒரு கௌபி குறையுது உம்மா" என்று பிள்ளை சொன்னால், பாடம் விளங்கிவிட்டது.